செவ்வியல் கிறிஸ்தவக் கல்வியா, மிஷன் பள்ளியா, சிபிஎஸ்இயா? செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கேள்வி இரண்டு சமயங்களில் எழுகிறது. பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஒருமுறை, ஆறாம் வகுப்புக்கு மாற்றும்போது இன்னொருமுறை. வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா வீட்டுப் பிள்ளை வீட்டிலேயே லத்தீன் படிக்கிறது, வேதாகம அதிகாரங்களைத் தலைகீழாக ஒப்பிக்கிறது என்று வீடியோ வந்துவிடுகிறது. 'நாமும் அந்த கிளாசிக்கல் முறைக்குப் போகலாமா, சாமியார் பள்ளிக்கூடமே போதுமா, ஊரோடு ஒத்து சிபிஎஸ்இயில் போடுவதா?' என்று குழம்பிப் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த ஒப்பீடு.

முதலில், அந்தக் கல்வி எதற்கு?

இடைக்கால ஐரோப்பாவின் ஏழு கலைகள்தான் கிளாசிக்கல் முறை எனப்படும் இந்தச் செவ்வியல் கல்வியின் எலும்புக்கூடு. இலக்கணம், ஏரணம் (தர்க்கம்), சொற்கலை (தெளிவாகப் பேசி எழுதும் கலை) என்ற மூன்று முதற்படி. எண், வடிவியல், இசை, வானியல் என்ற நான்கு அடுத்த படி. 1947-ல் ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி சேயர்ஸ் ஆற்றிய உரையில் அந்த முதல் மூன்றையும் பிள்ளையின் வயதோடு பொருத்திக் காட்டினார். கிளிப்பிள்ளை போல மனனம் செய்யும் பருவத்தில் இலக்கணம், எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசும் பருவத்தில் ஏரணம், தன்னை வெளிப்படுத்தத் துடிக்கும் பருவத்தில் சொற்கலை. சேயர்ஸ் துப்பறியும் கதைகளால் பெயர் பெற்றவர். தமக்குக் கற்பித்த அனுபவம் மிகக் குறைவு என்று அவரே அந்த உரையில் சொல்லிவிட்டார். இதை ஒரு கல்வி விஞ்ஞானமாக எடுத்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. 1980களில் தொடங்கி அமெரிக்காவில் இந்த யோசனை பள்ளிகளாகவும் வீட்டுக்கல்விப் பாடத்திட்டங்களாகவும் வளர்ந்தது.

மதிப்பெண்ணும் வேலையும் இதில் பக்க விளைவுகள். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை எதை நேசிக்கிறது, ஒரு வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கிறதா, தான் நம்புவதைக் கோர்வையாகவும் பணிவாகவும் சொல்லத் தெரிகிறதா என்று அது பார்க்கிறது. கிறிஸ்துவை ஒரு பாடவேளைக்குள் அடைக்காமல், வரலாறு, கணக்கு, கவிதை எல்லாவற்றுக்கும் அச்சாக வைக்கிறது. இந்த நோக்கத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை, நல்ல பள்ளி எதுவும் போதும்.

எதை வைத்து எடைபோடுவது

கட்டணத்தை முதல் கேள்வியாக வைத்தால் முடிவு கோணிவிடும். இந்த வரிசையில் கேளுங்கள்:

1. தினமும் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்? அந்த ஆளின் பெயரைச் சொல்ல முடிய வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்பது பதிலாகாது.
2. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்?
3. தமிழ்நாட்டு அரசின் எந்தச் சலுகை கையை விட்டுப் போகும்?
4. பிள்ளையின் தமிழ் என்ன ஆகும்?
5. நடுவில் மனம் மாறினால் திரும்பிவர வழி உண்டா?
6. பணம், கண்ணுக்குத் தெரியாத செலவோடு சேர்த்து.

முழு வீட்டுவழி: பாடத்திட்டம் வாங்கி வீட்டிலோ இணையத்திலோ

இங்கே இந்த முறைக்கு வாசலில் வேன் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காமல், வீடும் இணையமும்தான் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் நாளுக்கு மூன்று மணி நேரம் முழுக் கவனத்தோடு உட்கார வேண்டும். பதினொன்றுக்கு மேல் நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும், ஆனால் அதில் பாதியைப் பிள்ளை தானே படிக்கும். இரண்டு பிள்ளைகள் என்றால் வேலை இரட்டிப்பாகாது. வேதாகமம், வரலாறு, மனனம் மூன்றையும் சேர்த்து நடத்தலாம், கணக்கையும் மொழியையும் மட்டும் பிரிக்க வேண்டும். இது பெரும்பாலும் அம்மாவின் தலையில் விழுகிறது. அவருடைய சம்பளமும் பணி மூப்பும்தான் இந்த வழியின் பெரிய செலவு. பெட்டியில் வரும் புத்தகங்களின் விலை அதற்குப் பக்கத்தில் சில்லறை.

இணைய நேரலை வகுப்பு என்றால் கட்டணம் பெரும்பாலும் டாலரில், பாடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று இருக்கும். அட்டையில் கட்டும்போது வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் சேர்க்கும். நேரத்தையும் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணிக்குத் தொடங்கும் வகுப்பு நமக்குக் கோடையில் மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் 7.30 ஆகிவிடும். அங்கே பிற்பகல் வகுப்பு என்றால் இங்கே நள்ளிரவு. ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிய பிறகு பலருக்கு இது தெரிகிறது.

சான்றிதழுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ், வழக்கமான பாதை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது 14. ஐந்து பாடங்கள் தேற வேண்டும். தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் நடக்கும். தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், செவ்வியல் பாடத்திட்டம் என்ஐஓஎஸ் பாடத்தைத் தொடுவதே இல்லை. அறிவியல், சமூக அறிவியல் பகுதிகளுக்குத் தனியாக ஓர் ஆண்டு ஒதுக்க வேண்டும். பதின்மூன்று வயதில் அந்த ஆண்டைத் திட்டமிடாதவர்கள் பதினைந்தில் டியூஷன் வாத்தியாரைத் தேடி அலைகிறார்கள். மருத்துவமோ பொறியியலோ குறி என்றால், 11, 12-ஆம் வகுப்புகளை ஆய்வுக்கூடம் உள்ள பள்ளியில் முடிப்பதே பத்திரம்.

திரும்பிவரும் வழியையும் அறிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஆகவே எட்டாம் வகுப்புக்குள் மனம் மாறினால் கதவு திறந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து டிசியும் எமிஸ் எண்ணும் (கல்வித்துறைப் பதிவில் மாணவருக்குள்ள எண்) இல்லாமல் நிற்பது கஷ்டம்.

அடுத்து தமிழ். ஆங்கிலப் புத்தகங்களிலேயே வளரும் பிள்ளை ஜெபக்கூட்டத்தில் தமிழில் ஒரு பத்தி வாசிக்கத் தடுமாறும். ஆத்தாளும் அப்பத்தாளும் பேசுவது புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். மொழியில் கூர்மை வளர்ப்பதே தன் நோக்கம் என்று சொல்லும் கல்வி தாய்மொழியைக் கோட்டைவிட்டால், அது தன் வேலையைச் செய்யவில்லை என்றே அர்த்தம்.

இந்த வழி பொருந்தும் குடும்பங்கள் உண்டு. அடிக்கடி ஊர் மாறும் ஊழியக் குடும்பம், பள்ளிச் சூழலில் தாக்குப்பிடிக்க முடியாத பிள்ளை, வெளிநாட்டுக் கல்லூரிக்கே போகப்போவது உறுதியான பிள்ளை, பெற்றோரில் ஒருவர் உண்மையிலேயே ஆசிரியர் மனம் கொண்டவராக இருக்கும் வீடு. கடைசிக் காரணம் இல்லாமல் முதல் மூன்றும் தாங்காது.

மிஷன் பள்ளி: சாமியாரோ சிஸ்டரோ சபையோ நடத்துவது

இந்தச் சீமைக்கு இது புதிதல்ல. 1785-ஐ ஒட்டி மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று இடங்களிலும் ஆங்கிலப் பள்ளிகள் ஏற்படுத்தினார். அன்று தொடங்கி மிஷன் பள்ளிக்கு இரட்டை நோக்கம்: ஊரார் எல்லோருக்கும் கல்வி தருவது, சபைப் பிள்ளைகளை வளர்ப்பது. முதலாவதில் அது பெரிதாகச் சாதித்திருக்கிறது. இரண்டாவதைப் பெற்றோர் அதன் தலையில் முழுதாகக் கட்டிவிட்டு ஏமாந்துபோகிறார்கள்.

சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளைக்கும் மதபோதனை கட்டாயமில்லை. அதனால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் வேளையில் மற்றவர்களுக்கு நீதிபோதனை. வாரத்தில் அந்த ஓரிரு பாடவேளைகளைத் தவிர, கையில் இருப்பது சமச்சீர்ப் பாடநூல்தான். பள்ளி வாசலில் மாதா கெபி இருப்பதால் வரலாற்றுப் பாடம் மாறிவிடாது.

ஆனாலும் இதன் பலம் கணிசமானது. ஒழுங்கு, காலை வழிபாடு, கூச்சமில்லாமல் மேடையேறும் பழக்கம், தமிழில் உறுதி, பல சாதி, பல மதப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு. உதவிபெறும் தமிழ்வழிப் பிரிவில் செலவும் குறைவு. அதே வளாகத்தில் நடக்கும் ஆங்கிலவழி சுயநிதிப் பிரிவு வேறு கணக்கு. விண்ணப்பம் வாங்கும்போதே எந்தப் பிரிவு என்று கேளுங்கள். சலுகைகளில் வித்தியாசம் பெரிது:

- தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பின் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இரண்டு வருடம் வீட்டில் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் திரும்பினாலும் இது போச்சு.
- உயர்கல்வியில் மாதம் ₹1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளிகளுக்கும், உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் உரியவை. 6 முதல் 12 வரை அங்கே படித்திருக்க வேண்டும்.
- மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மட்டும். உதவிபெறும் மிஷன் பள்ளிக்கு இது கிடையாது. பலர் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தனியார் சிபிஎஸ்இ

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பணி மாற்றத்தில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் குடும்பத்துக்கும், மத்திய நுழைவுத் தேர்வுகளை இப்போதே குறிவைப்பவர்களுக்கும் ஏற்றது. செவ்வியல் நோக்கத்துக்கு இது உதவியும் இல்லை, எதிரியும் இல்லை. உண்மையான விலை நேரம்தான். வேன் பயணம், வீட்டுப்பாடம், ஆறாம் வகுப்பிலிருந்தே ஃபவுண்டேஷன் கோச்சிங் எல்லாம் போக, மாலையில் பிள்ளையிடம் மிச்சமிருப்பது களைப்பு. மேலே சொன்ன மூன்று சலுகைகளும் இதில் இல்லை.

பள்ளியும் வீடும்: கலப்பு வழி

பெரும்பாலான குடும்பங்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். அரசுப் பள்ளியோ மிஷன் பள்ளியோ, வீட்டுக்கு அருகில் இருப்பதில் சேருங்கள். செவ்வியல் பங்கை வீட்டில் தமிழில் நடத்துங்கள். காலையில் 30 நிமிடம், மாலையில் 45 நிமிடம், சனிக்கிழமை இரண்டு மணி நேரம். வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். டியூஷனுக்குப் போகும் நேரத்தை இதற்கு மாற்றினாலே போதும்.

லத்தீனை முதலில் வாங்காதீர்கள். சொல்லின் ஈறு மாறினால் பொருள் மாறும் என்பதை ஆங்கிலப் பிள்ளைக்குக் காட்டுவது லத்தீனின் முதல் பயன்களில் ஒன்று. தமிழ்ப் பிள்ளை ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று அந்த ஈறுகளிலேயே பேசி வளர்கிறது. அதை உணர்ந்து பிரித்துப் பார்க்க வைத்தால் போதும், நன்னூல் கையிலிருக்கிறது. லத்தீனில் ஊறிய வீரமாமுனிவர் இங்கே வந்து செய்ததும் அதைத்தான். தமிழ் இலக்கணத்தைக் கற்று, 1732-ல் சதுரகராதி தொகுத்து, எழுத்து முதல் அணி வரை ஐந்திலக்கணமும் சொல்லும் தொன்னூல் விளக்கம் எழுதி, சூசையப்பரைத் தலைவனாக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். லத்தீன் வேண்டுமென்றால் பன்னிரண்டு வயதுக்குமேல் தாராளமாகத் தொடங்கலாம், எட்டு வேற்றுமை தெரிந்த பிள்ளைக்கு அதன் ஆறு வேற்றுமை பயமுறுத்தாது.

*6 முதல் 10 வயது, மனனம்.* ஆத்திசூடி 109 வரி, கொன்றைவேந்தன் 91 வரி, 23-ஆம் சங்கீதம், மலைப்பிரசங்கத்தின் பேறுகள் (மத்தேயு 5:3-12), பதினாறாம் வாய்ப்பாடு வரை. தினமும் பத்து நிமிடத்தில் நான்கு அடுக்கு: இன்றைய புதிய வரி, நேற்றைய வரி, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. கடைசி இரண்டையும் விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு, மூன்று மாதத்தில் எல்லாம் ஆவியாகிவிடும். இன்னொரு தவறு, பொருள் தெரியாமல் ராகம் போடவிடுவது. ஒரு கதையை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். அங்கே தடுக்கினால் பொருள் இறங்கவில்லை என்று தெரிந்துவிடும்.

*11 முதல் 14, ஏரணம்.* இங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள், காரணம் புத்தகமில்லை என்பது. புத்தகம் இல்லாமலே தொடங்கலாம். நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்:

மழை பெய்தால் ஊருணி நிறையும்.
ஊருணி நிறைந்திருக்கிறது.
ஆகவே மழை பெய்திருக்கிறது.

சரியா என்று கேளுங்கள். பெரும்பாலும் 'சரி' என்றே வரும். லாரித் தண்ணீர் விட்டிருந்தால்? வாய்க்காலில் திறந்துவிட்டிருந்தால்? முதல் இரண்டு வரியும் உண்மையாக இருந்தும் மூன்றாவது பொய்யாகலாம், ஆகவே வாதத்தின் வடிவமே பிழை. இப்போது இரண்டாம் வரியை 'ஊருணி நிறையவில்லை' என்றும், மூன்றாவதை 'ஆகவே மழை பெய்யவில்லை' என்றும் மாற்றுங்கள். வடிவம் சரியாகிவிட்டது. ஆனால் வரத்துக்காலை மறித்து வீடு கட்டியிருக்கும் ஊரில், எவ்வளவு பெய்தாலும் ஊருணி நிறையாது. இப்போது பொய்யானது முதல் வரி. வடிவப்பிழை வேறு, தொடக்கக் கூற்றின் பிழை வேறு என்பது ஒரே பாடத்தில் விளங்கிவிடும். அடுத்த வாரம் இதே முறையில் ஒரு விளம்பரத்தையும், அதற்கடுத்த வாரம் ஒரு பிரசங்கத்தையும் பிரிக்கச் சொல்லுங்கள். பிரசங்கத்தையா என்று தயங்க வேண்டாம், நல்ல போதகர் சந்தோஷப்படுவார். தமிழிலேயே இதன் வேரைக் காட்ட மணிமேகலையின் 29-ஆம் காதை இருக்கிறது. வாதப் போலிகளை அது வகைப்படுத்திச் சொல்கிறது. பெரியவர் துணையில்லாமல் அதைப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள்.

*15 முதல் 17, சொற்கலை.* மாதம் ஒரு கட்டுரை, மாதம் ஒரு பேச்சு. பேச்சுக்கு முன் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எதிர்த்தரப்பே ஒத்துக்கொள்ளும்படி எழுதிக்காட்ட வேண்டும். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் இது பட்டிமன்றமாகிவிடும். கைதட்டல் வேறு, நிரூபணம் வேறு. ஆனால் கேட்டுப் பழக நம் ஊரைவிட நல்ல இடம் இல்லை. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-ல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் பங்குனி விழாவில் பிள்ளையை உட்கார வைத்து, பேச்சாளர் ஒருவரின் மையக் கூற்று எது, சான்று எது, அலங்காரம் எது என்று மூன்று பத்தியில் எழுதச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு தயக்கம் எழும். கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கம்பன் எதற்கு? வாங்கப்போகிற பாடத்திட்டத்தின் நூல் பட்டியலைத் திறந்து பாருங்கள், ஹோமரும் வெர்ஜிலும் இருப்பார்கள். இருவரும் கிறிஸ்தவர்கள் அல்லர், அவர்களுடைய காவியங்கள் முழுக்கத் தெய்வங்கள். இஸ்ரவேலர் எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் எடுத்துச் சென்றதைச் சுட்டி, புறச்சமயத்தாரிடமுள்ள உண்மையும் நமக்குரியதே என்று பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் வாதிட்டார். அந்த நியாயத்தில்தான் அந்த நூல்களே பட்டியலில் இருக்கின்றன. கிரேக்கத் தெய்வம் சீயூஸ் ஆகலாம், கம்பன் ஆகாது என்பதற்கு ஏரணத்தில் இடமில்லை. கம்பனும் குறளும் ஒரு பக்கம், தேம்பாவணியும் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனின் இயேசு காவியமும் மறு பக்கம் என்று சேர்த்தே வாசிக்கலாம்.

கலப்பு வழியின் பலவீனம் வெளிப்படையானது. கேட்க ஆளில்லை. பள்ளித் தேர்வு வந்தால் ஒரு வாரம் நிற்கும், கல்யாணம் வந்தால் இன்னொரு வாரம், பிறகு நின்றேவிடும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமைப் பங்கை முறைவைத்து நடத்தினால் இது நிற்காது.

ஒரே பார்வையில்

| | முழு வீட்டுவழி | மிஷன் பள்ளி | சிபிஎஸ்இ | கலப்பு |
|---|---|---|---|---|
| பெற்றோர் நேரம் | நாளுக்கு 3-5 மணி | குறைவு | குறைவு | வாரம் சுமார் 8 மணி |
| பெரிய செலவு | ஒருவரின் வருமானம் | பிரிவைப் பொறுத்தது | கட்டணம், கோச்சிங் | விடாமுயற்சி |
| சான்றிதழ் | என்ஐஓஎஸ் | மாநில வாரியம் | சிபிஎஸ்இ | பள்ளியைப் பொறுத்தது |
| அரசுச் சலுகை | போகும் | தமிழ்வழியில் பெரும்பகுதி | இல்லை | பள்ளியைப் பொறுத்தது |
| தமிழ் | முயன்றால் உண்டு | வலுவானது | பாடமளவில் | மிக வலுவானது |
| செவ்வியல் நோக்கம் | முழுமை | ஓரளவு | இல்லை | பெரும்பகுதி |

முடிவெடுக்கும் முன்

முழு வீட்டுவழியில் ஆசை இருந்தாலும், பள்ளி இடத்தை விட்டுவிடாமல் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆறு வாரம் சோதித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் காலையில் ஒரு மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் இரண்டு மணி நேரம், கடைசி இரண்டு வாரம் மூன்று மணி நேரம். பாடத்திட்டம் எதையும் வாங்க வேண்டாம், வேதாகமமும் ஒரு கணக்குப் புத்தகமும் ஒரு கதைப் புத்தகமும் இரண்டு நோட்டும் போதும். காலண்டரில் உட்கார்ந்த நாளை டிக் செய்யுங்கள், விட்ட நாளுக்குக் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: காய்ச்சல், விருந்து, சலிப்பு, சண்டை.

முப்பது வேலைநாளில் இருபத்தைந்துக்கு மேல் டிக் இருந்தால் உங்கள் வீட்டுக்கு முழு வழி தாங்கும். பதினைந்து முதல் இருபத்தைந்து என்றால் கலப்பு வழி. அதற்கும் கீழே, காரணப் பட்டியலில் 'சண்டை' அதிகம் என்றால், பள்ளியில் சேர்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட மனனத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி யோசிக்கலாம். பிள்ளை ஆறாம் வகுப்பு என்றால் ஆறாவது வார முடிவில் அதனிடமும் கேளுங்கள். அந்த வயதில் அதன் விருப்பமில்லாமல் எடுக்கும் முடிவு தீபாவளி லீவுவரைகூட ஓடாது.